மூக்கு வெளுத்திருக்கா, பார்

குளிர்காலத்தில் பனிமலையில் முதுகில் மூட்டையோடு சில நாள் நடந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "குளிரை எப்படித் தாங்கினீங்க?" நடக்கும்போது குளிரே தெரியவில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. உண்மையில் பகல் முழுக்க நானும் என் நண்பனும் மல்லுக்கட்டியது வியர்வையோடுதான்.

முதுகில் இருபது கிலோவுக்குக் குறையாத சுமை, முழங்கால்வரை புதையும் பனி, எதிரே ஏற்றம். இப்படி நடந்தால் மைனஸ் 10 டிகிரியிலும் உள்சட்டை நனைந்துவிடும். நடக்கிறவரை அது உறைக்காது. மூச்சு வாங்க நின்று ஐந்து நிமிஷம் ஆனதும் உறைக்கும். வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல். நனைந்த துணி என்பது உடம்புச் சூட்டை வெளியே இறைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். பருத்தி ஈரத்தை விடவே விடாது என்பதால் எங்கள் மூட்டையில் பருத்தித் துணி ஒன்றுகூட இல்லை. உள்ளே கம்பளி, அதன்மேல் பாலியெஸ்டர், அதன்மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். பறவைத் தூவி (மென்சிறகு) அடைத்த தடித்த ஜாக்கெட் நின்ற பிறகு போட்டுக்கொள்வதற்கு மட்டும். காலையில் கிளம்பும்போது லேசாக நடுக்கம் இருக்கவேண்டும். இல்லையென்றால் ஒரு சட்டை அதிகம் என்று அர்த்தம்.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பேருக்கும் உடம்பு ஒரே மாதிரி இல்லை. அவன் பத்து அடி ஏறினாலே வியர்ப்பவன். நான் நின்ற மாத்திரத்தில் விறைப்பவன். அவன் சட்டையைக் கழற்ற நிற்பான். அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கு நடுங்கும், நான் ஒன்றை எடுத்துப் போடுவேன். நடக்கத் தொடங்கியதும் எனக்கு அது புழுங்கும், நான் நிற்பேன், அவனுக்குக் குளிரும். முதல் நாள் காலை முழுக்க இந்தக் கூத்துதான். மதியத்துக்கு மேல் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். முன்னால் போகிறவன்தான் நிற்கலாம். பின்னால் வருகிறவனுக்குப் புழுங்கினால் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துகொண்டு பல்லைக் கடிக்கட்டும்.

முன்னால் போவது என்பது சும்மா வழி காட்டுவது இல்லை. யாரும் மிதிக்காத பனியில் ஒவ்வோர் அடியையும் அவன்தான் உருவாக்குகிறான். காலில் ஸ்னோஷூ, அதாவது பனியில் புதையாமல் எடையைப் பரப்பும் அகலச் சட்டம், கட்டியிருந்தாலும் புதுப்பனியில் கணுக்காலுக்கு மேல் புதையும். காலைத் தூக்கி, முன்னே வைத்து, எடையை மெல்ல இறக்கி, அது நிற்குமா இறங்குமா என்று பார்த்து, அடுத்த கால். பின்னால் வருகிறவனுக்கு அந்தத் தடம் பாதி வேலையை மிச்சமாக்கும். அதனால் கால் மணிக்கு ஒருமுறை மாறிக்கொண்டோம். கோடையில் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் சாதாரணமாக நடக்கிற நாங்கள், இங்கே ஒரு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம் என்று நினைத்தோம். பகலும் குறைவு. மூன்று மணிக்கே நடையை நிறுத்திவிட வேண்டும். நின்ற பிறகுதான் அசல் வேலை தொடங்குகிறது.

கூடாரம் அடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் பார்ப்பதிலேயே ஒரு சூது இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடிவாரம் காற்றுப் படாமல், சமதளமாக, ஆளைக் கூப்பிடும். ஆனால் இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியாக இறங்கி அங்கேதான் தேங்கும். கொஞ்சம் மேடான இடத்தில் படுத்தால் சில டிகிரி மிச்சம். கிளைகளில் பனி கனத்துத் தொங்கும் மரத்தடியும் ஆகாது, சரிந்தால் கூடாரத்தோடு போகும். இடம் கிடைத்ததும் ஸ்னோஷூவோடு முன்னும் பின்னும் நடந்து பனியை மிதிக்கவேண்டும். மிதித்த உடனே கூடாரத்தை விரித்தால், முழங்கால் ஊன்றிய இடமெல்லாம் குழி விழுந்து இரவு முழுக்க அந்தக் குழியில் படுக்கவேண்டி வரும். அரை மணி நேரம் விட்டுவிட்டால் நொறுங்கிய பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தரை கெட்டியாகிவிடும். எதையும் ஊற்றவேண்டாம், உருக்கவேண்டாம். துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் தானாகவே பிணைப்பு வளர்கிறது. மிதித்த இடத்தை அரை மணி கழித்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், பலகையைத் தட்டின மாதிரி 'டொக்' என்றது.

முளைக்குச்சி பனியில் நிற்காது. சின்னச் சின்னப் பைகளில் பனியை அடைத்து, கயிறு கட்டி, படுக்கை வாட்டில் புதைத்து மிதித்துவிட்டால் கூடாரம் அசையாது. காலையில் நாமே இழுத்தாலும் அசையாது என்பதுதான் வேடிக்கை. மண்வெட்டியால் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

அப்புறம் தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர்தான், குடிக்க ஒரு மடக்கு இல்லை. பனியை அப்படியே வாயில் போட்டால் அதை உருக்கும் சூட்டை உடம்புதான் கொடுக்கவேண்டும், நஷ்ட வியாபாரம். ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே நீராக்க ஆகும் வெப்பத்தை வைத்து, அதே ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகலாம். அதாவது உருக்கி முடிக்கும்போது கிட்டத்தட்ட கொதிக்கவைத்த அளவு எரிபொருள் போயிருக்கும், கையில் இருப்பதோ சில்லென்ற தண்ணீர். அதற்கு மேல், புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. பாத்திரம் நிறைய அள்ளிப் போட்டால் அடியில் ஒரு கை தண்ணீர் தேறும். மறுபடி அள்ளு, மறுபடி போடு. இதில் இன்னொரு நுணுக்கம், பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பனியைப் போடவேண்டும். வெறும் பாத்திரத்தில் போட்டால், அடியில் உருகும் நீரை மேலே இருக்கும் பனி உறிஞ்சிக்கொண்டு பாத்திரம் காய்ந்துவிடும். தண்ணீரில் தீய்ந்த வாசனை அடிக்கும். தண்ணீரைத் தீய்க்க முடியுமா என்று கேட்டால், முடியும்.

ஸ்டவ் விஷயத்தில் கிளம்புவதற்கு முன்பே எங்களுக்குள் பெரிய சண்டை. எடை குறைவு, கேஸ் போதும் என்றான் அவன். நான் பெட்ரோல் மாதிரியான திரவ எரிபொருளில் ஓடும், கையால் பம்ப் அடிக்கிற ஸ்டவ்தான் வேண்டும் என்றேன். காரணம் எளிது. கேஸ் ஸ்டவ்வில் எரியும் பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, டப்பாவுக்குள் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரிவரை தாங்கும் என்பதால் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். ஆனால் கலவையில் புரோப்பேன்தான் முதலில் எரிந்து தீரும். குலுக்கிப் பார்த்தால் டப்பா பாதி நிறைந்திருக்கும், பற்றவைத்தால் சுடர் சோம்பும். எரிபொருள் தீர்ந்தால் பசி தாங்கலாம், தாகம் தாங்க முடியாது. துருவப் பயணங்களில் இது உயிர் விஷயம். 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பிய பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டின் குழு, வழியில் முன்பே வைத்துவிட்டுப் போன மண்ணெண்ணெய்த் தகரங்களைத் திறந்தபோது அளவு குறைந்திருந்தது. மூடியின் தோல் வளையம் கடுங்குளிரில் இறுக்கம் விட்டு எண்ணெய் கசிந்திருந்தது. அவர்களை முந்திக்கொண்டு துருவத்தை அடைந்த நார்வேக்காரர் அமுன்சென் தன் தகரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தார். இதை அவனிடம் சொன்னேன். "நாம என்ன தென்துருவத்துக்கா போறோம்?" என்றான். கடைசியில் திரவ ஸ்டவ்தான் வந்தது. ஆனால் அதைத் தூக்கியது நான்.

தினமும் இரண்டு மணி நேரம் இந்தப் பனி உருக்கும் வேலை. ஸ்டவ்வைக் கூடாரத்தின் முன்திண்ணையில் வைத்து, வெளிக்கதவைத் திறந்து போட்டு எரிப்போம். காற்று வீசுகிறது, குளிர்கிறது என்று மூடிக்கொண்டு எரிப்பதைவிடக் குளிரில் உட்காருவது மேல். மூடிய இடத்தில் எரித்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. உருக்கிய நீரைக் குப்பியில் ஊற்றித் தலைகீழாக வைக்கவேண்டும். நீர் மேலிருந்துதான் உறையும். மூடி அடியில் இருந்தால் காலையில் திறக்கலாம். இல்லையென்றால் மூடியே தாழ்ப்பாள்.

குளிர்கால இரவு எவ்வளவு நீளம் என்பது, அதைப் படுத்தே கழித்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து மணிக்கு இருட்டி, காலை ஏழுக்குத்தான் வெளுக்கிறது. அத்தனை நேரமும் ஸ்லீப்பிங் பேக்குக்குள். உள்ளே நான் மட்டும் இல்லை. காலணியின் உள்ளுறை, ஈரக் கையுறை, போன், ஹெட்லேம்ப் பேட்டரி, ஒரு வெந்நீர்க் குப்பி என்று ஒரு குடித்தனமே படுத்திருக்கும். எதையாவது வெளியே விட்டால் காலையில் அது கல். முகத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், கூடாது. மூச்சின் ஈரம் தூவிக்குள் இறங்கி, பைக்குள் சூடு நிற்காமல் செய்துவிடும். வெளியே விட்ட மூச்சோ கூடாரத்தின் உள்துணியில் போய் உறையும். விடியற்காலையில் யார் முதலில் புரண்டாலும் அது உதிர்ந்து இன்னொருவன் முகத்தில் விழும். எழுப்புவதற்கு இதைவிட மோசமான வழி இருக்க முடியாது.

இன்னொரு சங்கடம், குளிரில் சிறுநீர் அதிகம் வரும். கை கால் ரத்தநாளங்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு வந்து சேர, திரவம் கூடிவிட்டது என்று சிறுநீரகம் கணக்குப் போட்டு வெளியேற்றுகிறது. நள்ளிரவில் காலணி மாட்டிக்கொண்டு வெளியே போகிற வீரம் எங்களுக்கு இல்லை, அதற்கென்று ஒரு குப்பி வைத்திருந்தோம். குடிக்கிற குப்பியின் வடிவில் அது இருக்கவே கூடாது. இருட்டில் தடவினாலே தெரியவேண்டும். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மணிக்கணக்காகப் படுத்துக்கொண்டு பேசுவதற்கு ஆள் சரியாக அமையவேண்டும். நன்றாக நடக்கிற நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. பதினான்கு மணி நேரம் அருகில் படுக்கக்கூடியவர்கள் மிகக் குறைவு. இவன் ஓயாமல் பேசுவான், அது பகலில் எரிச்சல், இரவில் வரம். இவன் வாய் ஓயாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

பனிக்காட்டில் ஒருவன் நிலைமை அவனுக்கே தெரியாது. எத்தனை கருவி வாங்கினாலும் தீராத பிரச்சினை இது. கன்னத்தில் தோல் உறையத் தொடங்கும்போது முதலில் குத்தும், அப்புறம் மரத்துவிடும். மரத்ததும் வலி போய்விடும், ஆஹா சரியாகிவிட்டது என்று தோன்றும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான் அங்கே ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. அதனால் முகட்டில் நடக்கும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் நின்று, கண்ணாடியைத் தூக்காமல், ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்ப்போம். "மூக்கு வெளுத்திருக்கா, பார்." "மூக்கு இல்ல, இடது காதுக்குக் கீழ." வெறும் உள்ளங்கையை அங்கே வைத்து அழுத்தினால், திட்டு சின்னதாக இருக்கும்வரை, மெல்லச் சிவந்து வரும். வரும்போது ஊசி குத்துகிற வலி.

தேய்க்கக்கூடாது. பனியால் தேய்க்கவே கூடாது. இந்தப் பனித் தேய்ப்பு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கதை. 1812-ல் ரஷ்யாவிலிருந்து நெப்போலியனின் படை திரும்பி ஓடியபோது, படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே ஒன்றைக் கவனித்தார். இரவில் நெருப்பருகே காலைக் காய்ச்சிக்கொண்ட வீரர்கள் மறுநாள் மீண்டும் பனியில் நடந்தபோது கால்கள் அழுகின. நெருப்புதான் கெடுதல், பனியால் தேய்த்து மெல்லச் சூடேற்றவேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். உறைந்து, உருகி, மறுபடி உறைவது பெரும் நாசம் என்று கண்டது சரி. மருந்துதான் தப்பு. அந்தத் தப்பு நூறு வருஷத்துக்கும் மேல் உலகம் முழுக்கப் பரவிக் கிடந்தது. இன்றைய வழி, மறுபடி உறையாது என்று உறுதியான இடத்துக்கு வந்த பிறகு வெதுவெதுப்பான நீரில் வைப்பது. அதுவரை உறைந்த காலோடு நடப்பதுகூடப் பரவாயில்லை.

முகமாவது வெளியே தெரியும். உள்சூடு இறங்குவது அப்படி இல்லை. உடம்பின் நடுச்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் கை தடுமாறும், பேச்சு குழறும், கால் இடறும். எல்லாவற்றுக்கும் மேலாக, யோசிக்கிற திறன் மங்கும். மங்கியதை உணரவேண்டியதும் அதே மூளைதான் என்பதுதான் பொறி.

ஒருநாள் மதியம், காற்று அடிக்கிற ஒரு முகட்டில், என் முன்னால் போன நண்பன் பேசுவதை நிறுத்தியிருந்தான். எப்போது நிறுத்தினான் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. ஸ்னோஷூ வார் அவிழ்ந்து பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. கூப்பிட்டதும் நின்று குனிந்தான். வாரைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். கொக்கிக்குள் அதை நுழைக்கும் வேலையை அன்று காலைதான் கையுறையைக் கழற்றாமலேயே செய்தவன்.

"என்னடா, குளிருதா?"

"ம்."

"நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சுட்டு வா."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "தொண்ணூத்து மூணு" என்றான். அதோடு நின்றுவிட்டது.

பாறை மறைப்பில் அவனை மூட்டைமேல் உட்காரவைத்து, கூடாரத்தின் மேல்துணியை இருவர் தலைக்கும் மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஈரக் கையுறையைப் பிடுங்கிவிட்டுக் காய்ந்ததை மாட்டினேன். இருந்த எல்லா ஜாக்கெட்டையும் அவன்மேல் போட்டு, பிளாஸ்க்கில் இருந்த சர்க்கரைத் தண்ணீரைச் சூடாகக் கொடுத்து, வாயில் இனிப்பைத் திணித்தேன். நடுக்கம் இன்னும் இருந்தது, அதுதான் ஆறுதல். நடுங்குகிறவரை உடம்பு போராடுகிறது. நடுக்கம் நின்று ஆள் சாந்தமாகிவிட்டால்தான் விபரீதம். அரை மணி கழித்து, ஸ்டவ்வின் எடையைப் பற்றி ஏதோ நக்கலாகச் சொன்னான். சரி, வந்துவிட்டான் என்று தெரிந்தது. அன்று மேலே நடக்கவில்லை, பக்கத்திலேயே கூடாரம் அடித்துவிட்டோம். இன்றுவரை அவன் சொல்வது: "நான் நல்லாத்தான் இருந்தேன், நீதான் பயந்துட்டே." அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குவதுதான் திட்டம். தாண்டவில்லை. முந்தைய இரவு வீசிய காற்று, முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி, நாங்கள் ஏறவேண்டிய சரிவில் கொட்டியிருந்தது. அடிவாரத்தில் சமதரையில் நடந்துகொண்டிருந்தபோது காலுக்குக் கீழே 'வும்ப்' என்று ஒரு சத்தம், சுற்றியுள்ள பனி முழுவதும் ஒரு விரற்கடை தணிந்தது. மேலே கெட்டியான அடுக்கு, கீழே ஒட்டாத சர்க்கரை மாதிரியான அடுக்கு. அந்தக் கீழடுக்கு நொறுங்கிய சத்தம்தான் அது. சமதரையில் நடந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சரிவில் நடந்திருந்தால் மேலடுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கும். பலகையாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிவரையான சரிவுகளில்தான் வருகின்றன. அதைவிடச் செங்குத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். நடைகோலைச் சரிவின் வாட்டத்தில் நீட்டி, அதன்மேல் போனை வைத்துச் சாய்வு பார்த்தேன். 35.

"ஒருத்தர் ஒருத்தரா போயிடலாம்டா, பத்து நிமிஷ வேலை" என்றான். புதைந்தால் ஒருவரையொருவர் தேட 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் கருவி இருவர் மார்பிலும் இருந்தது. மண்வெட்டி, துழாவும் நீளக் கம்பி எல்லாம் இருந்தது. ஆனால் இரண்டே பேர். ஒருவன் புதைந்தால் தேடுவதற்கும் தோண்டுவதற்கும் இன்னொருவன் மட்டும். முதல் பத்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்கள். அரை மணி ஆகிவிட்டால் பிழைப்பவர் மூன்றில் ஒருவர் என்கிற அளவுக்கு இறங்கிவிடும். இறுகிய பனியை ஒற்றை ஆளாகத் தோண்டப் பத்து நிமிஷம் எந்த மூலைக்கு?

கிளம்பும்போதே ஒரு விதி போட்டிருந்தோம். வாக்குவாதம் வந்தால் அதிகம் பயப்படுகிறவன் சொல்வதே முடிவு, காரணம் கேட்கக்கூடாது. நான் பயந்தேன். அவன் காரணம் கேட்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் வெகுநேரம் வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்தால் எனக்கு வேறு பயம் வந்துவிடுகிறதே. பொறுக்கமுடியாமல், "கோபமா, குளிரா?" என்று கேட்டேன். "கோபம்" என்றான். நிம்மதியாக நடந்தேன்.

இறக்கத்தில் எங்கள் பழைய தடமே எங்களுக்குப் பாதை. ஏறும்போது மிதித்து நொறுக்கிய பனி இரவில் இறுகி, ஒவ்வொரு கால் தடமும் ஒரு படியாக நின்றது. ஒரு நாள் முழுக்க மூச்சிரைக்க ஏறியதை மதியத்துக்குள் இறங்கிவிட்டோம். வானம் வெளுத்து வெயில் அடித்தது, அதிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற முடியாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். கண்ணின் கருவிழி வெந்துபோவது சில மணி கழித்துத்தான் தெரியும். மரங்கள் தொடங்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சுத் திரும்பியது. அந்தக் கணவாய்க்குப் பனி நன்றாக இறுகின பிறகு ஒருமுறை வரவேண்டும் என்றான். ஸ்டவ்வைத் தானே தூக்குவதாகவும் சொன்னான், எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

அவன் வைத்த நிபந்தனை ஒன்றுதான். சோதிக்கிறேன் என்று இனிமேல் கணக்குக் கேட்கக்கூடாது. "கணக்கு எனக்கு வெயில்லயே வராது. அன்னிக்கு தொண்ணூத்து மூணு சொன்னதே பெருசு." அப்படியென்றால் வேறு என்ன கேட்பது என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான், இன்னும் சொல்லவில்லை.